சாயங்கால வண்டி

அந்த ஜன்னலோரம் வேணாம் தம்பி. இப்படி ஓரமா உக்காருங்க, நான் நடுவுல நகந்துக்கறேன். மூணு பேர் சீட்டுதான், ஆனா ஜன்னலுக்கு ஆள் இருக்கு. இன்னும் ஏறல. கூட்ரோடு தாண்டினதும் வருவாங்க. பையை மடியிலயே வச்சுக்கங்க. மேல வச்சா இந்த வண்டி ஆடுற ஆட்டத்துக்கு நேரா உங்க தலையிலதான் விழும்.

எங்க, மேல்சாணூரா? கால்நடை ஆஸ்பத்திரிக்கா? அட, புது டாக்டரா நீங்க! ரொம்ப சந்தோஷம். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரப் போடுங்கன்னு நான் எழுதின காலத்துல நீங்க அரை டிராயர் போட்டுட்டு பள்ளிக்கூடம் போயிருப்பீங்க. இப்பத்தான் வந்து சேந்திருக்கீங்க. பரவால்ல. அரசாங்கம் வரும் தம்பி. கொஞ்சம் மெதுவா வரும், ஆனா வந்துடும்.

என்னை எங்கியோ பாத்த மாதிரி இருக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பேர்தான் யாருக்கும் வாயில வர மாட்டேங்குது. தணிகாசலம். இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வா இருந்தேன். ஒரே தடவைதான். அதனால என்ன, ஒரு தடவை ஆனாலும் சாகற வரைக்கும் முன்னாள்தானே. முன்னாளுக்கு பஸ் பாஸ் உண்டு, தெரியுமா? இதோ பாருங்க. இதை வச்சுக்கிட்டு துணைக்கு ஒருத்தரயும் கூட்டிட்டுப் போகலாம். எங்க வீட்டம்மாவ எத்தனையோ தடவ கூப்பிட்டுப் பாத்துட்டேன். "உங்களுக்குத்தான் பைத்தியம், எனக்குமா"ன்னு கேக்கறா. அதனால அந்தத் துணைக் கணக்குல ஜன்னல் சீட்டு போயிட்டிருக்கு. கண்டக்டர் நாகமுத்துவுக்குத் தெரியும், அவர் யாரையும் அங்க உக்கார விட மாட்டாரு.

கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், காதைக் குடுத்துக் கேளுங்க. காரணம் இருக்கு.

அதோ, அதோ பாருங்க, வலது பக்கம். பெரிய வளைவு வருது பாருங்க. சோலைப்பட்டு பேருந்து நிலையம். நான் கொண்டு வந்தது. கல்வெட்டுல மூணாவது வரியில என் பேரு இருக்கு. சட்டசபையில எழுந்து நின்னு கேட்டு வாங்கினேன் தம்பி. சும்மா இல்ல. கழிப்பறை, பொருள் வைக்கற அறை, தாய்மார்கள் குழந்தைக்குப் பால் குடுக்க ஒரு அறை, எல்லாம் இருக்கு. என்ன, வண்டி உள்ள போகலையா? போகாது. எந்த வண்டியும் போகாது. ஊருக்கு வெளியில கட்டிட்டாங்கன்னு டிரைவருங்களுக்குக் கோபம். ஜனங்களும் பழைய இடத்துல மரத்தடியிலதான் நிக்கறாங்க. ஆடு கட்டறாங்க உள்ள. உங்களுக்கு அங்கியே நாலு கேஸ் கிடைக்கும், சிரிக்காதீங்க.

ஆனா கேட்டு வாங்கினது நான். அது ரெக்கார்டுல இருக்கு. யாரும் மாத்த முடியாது.

ஜனங்க என்ன சொல்றாங்க தெரியுமா? மேல்சாணூர்ல போய்க் கேளுங்க, சொல்வாங்க. "தணிகாசலம் எங்களுக்காக வாயைத் திறக்கலை"ன்னு. நான் வாயைத் திறக்கலையாம்! தொகுதியில எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்க என்கிட்டருந்து வாங்கறதுக்குள்ள பந்தி ஆறிப் போயிடும்னு கேலி பண்ணுவாங்க. நானா வாயைத் திறக்கலை? நீங்க படிச்சவரு, அரசாங்க உத்தியோகம். உங்களுக்கு நடைமுறை புரியும். நீங்களே சொல்லுங்க.

இப்ப நாம போறோமே, இந்த வண்டி. இந்தச் சாயங்கால வண்டிய நடுவுல நிறுத்திட்டாங்க. காலை வண்டி உண்டு, மத்தியானம் உண்டு, சாயங்காலம் கிடையாது. ஏன்னா, ஆள் ஏறலையாம். டீசல் காசுக்குக் கூட கட்டுப்படியாகலையாம். வாஸ்தவம்தான். திருவிழா நாள் தவிர இந்த வண்டி என்னிக்கு ரொம்பி இருக்கு? இப்ப மட்டும் என்ன, எண்ணிப் பாத்தா உங்களோட சேத்து பத்து தலை இருக்குமா? ஜன்னலையும் சேத்துக்கங்க.

அப்ப மேல்சாணூர்லருந்து ஒரு அம்மா வரும். பூங்காவனம்னு பேரு. சோலைப்பட்டுல பொம்பளப் பிள்ளைங்க விடுதியில சமையல். பிள்ளைங்களுக்குச் சாயங்கால டிபன் போட்டுட்டு, பாத்திரம் கழுவிக் கவுத்துட்டுக் கிளம்பினா, அதுக்குச் சரியா இந்த வண்டி இருந்துச்சு. இதை நிறுத்தினதும் மெயின் ரோட்டு வண்டியில வந்து கூட்ரோட்டுல எறங்கி, அங்கருந்து ஏரிக்கரை மேல நடக்கணும். பாதி தூரத்துலயே இருட்டிடும்.

காலையில நான் மனு வாங்கற நேரத்துல எங்க வீட்டு வாசல்ல எள்ளு போட்டா எள்ளு விழாது. ஒருத்தருக்குப் பட்டா, ஒருத்தருக்கு மருமகனுக்கு வேலை, ஒருத்தர் காது குத்துக்குக் கூப்பிட வந்திருப்பாரு. இந்தம்மா மட்டும் கையில மனுவே இல்லாம வரும். ஒரு எவர்சில்வர் தூக்கு வச்சிருக்கும், அவ்வளவுதான். "எழுதிக் குடும்மா"ன்னு சொல்வேன்.

"எதுக்குங்கய்யா எழுதறது? ஒரே வார்த்தைதானே. சாயங்கால வண்டி. அது கூடவா மறந்துடும் உங்களுக்கு?"

"மறக்காதும்மா."

"சட்டசபையில கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

"எங்க ஊர் பேரச் சொல்லிக் கேளுங்கய்யா. டிவியில எங்க ஊர் பேர இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல."

இதுல பாருங்க, அந்தம்மா கெஞ்சாது. அழாது. கடைக்காரர்கிட்ட பருப்பு நிறுத்துக் குடுங்கன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு, தூக்க எடுத்துக்கிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போயிடும். அந்தத் தூக்குக்கு ஒரு கைப்பிடி. நடந்தா டிங், டிங்னு இடிக்கும். இப்ப சத்தம் ஏதாச்சும் கேக்குதா உங்களுக்கு? இல்லியா? சரி, இன்னும் கூட்ரோடு வரல.

நான் கேள்வி எழுதிக் குடுத்தேன் தம்பி. சத்தியமாக் குடுத்தேன். "மேல்சாணூருக்கு மாலையில் இயங்கி வந்த நகரப் பேருந்தை மீண்டும் இயக்க அரசு ஆவன செய்யுமா?" என் கையால எழுதினது. எத்தனையோ பேர் கேள்வி எழுதிக் குடுத்துட்டு ஐஞ்சு வருஷமும் காத்துக் கிடப்பாங்க, சபையில எடுத்துக்கவே மாட்டாங்க. எனக்கு அதிர்ஷ்டம், எடுத்துக்கிட்டாங்க. அச்சடிச்ச தாள்ல என் பேரு. எங்க வீட்டம்மா அந்தத் தாளுக்கு மஞ்சள் தடவினா. புது வேட்டி எடுத்தேன். மேல்சாணூருக்கு ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பிச்சேன், நாளைக்கு டிவி பாருங்கன்னு.

முந்தின நாள் மந்திரி கூப்பிட்டாரு. எங்க கட்சி மந்திரிதான். பேர் வேணாம், நல்ல மனுஷன், இப்ப இல்ல. அவர் ரூம்ல டீ குடுத்தாரு. பிஸ்கட்ட அவரே எடுத்து நீட்டினாரு.

"தணிகாசலம், உன் கேள்விக்கு என்கிட்ட ஒரே பதில்தான் இருக்கு. இல்லை. நஷ்டத்துல ஓடற நடை, நிதித்துறை ஒத்துக்காது. இதுல நீ எழுந்து, ஜனங்க நடக்கறாங்க, பொம்பளைங்க இருட்டுல போறாங்கன்னு பேசினேன்னு வை, எதிர்க்கட்சிக்காரன் துள்ளிக் குதிச்சு எழுந்துப்பான். உன் கேள்வியில நம்ம ஆட்சிக்கே கெட்ட பேரு. உனக்கு அதுல என்ன லாபம்?"

"அண்ணே, ஊர்ல சொல்லிட்டேன்."

"கேக்காதன்னா சொன்னேன்? கேளு. துணைக் கேள்வி ஒண்ணு உனக்கு உண்டுல்ல? அதுல பெரிசாக் கேளு. சோலைப்பட்டுக்குப் பேருந்து நிலையம் கேளு. நான் பரிசீலனை அது இதுன்னு இழுக்க மாட்டேன். இந்த நிதியாண்டிலேயேன்னு சொல்றேன். சபையே தட்டும்."

நீங்களே சொல்லுங்க டாக்டர். ஒருத்தர் ஒரு வண்டி கேக்கச் சொல்றாங்க. இங்க நூறு வண்டி நிக்கற நிலையமே தர்றேங்கறாங்க. எது பெரிசு? எந்தக் குழந்தையும் சொல்லும்.

இப்ப அந்த நடைமுறைய உங்களுக்குச் சொல்லணும். இதுதான் ஊர் ஜனங்களுக்குப் புரிய மாட்டேங்குது. சட்டசபையில நம்ம கேள்வி வந்தா நாம எழுந்து கேள்விய வாசிக்கறது கிடையாது. அதுதான் அச்சடிச்சு எல்லார் மேசையிலயும் இருக்கே. எண்ணை மட்டும்தான் சொல்லணும். பேரவைத் தலைவர் நம்ம பேரக் கூப்பிடுவாரு. நாம எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வினா எண் நாற்பத்து மூன்று", அவ்வளவுதான், உக்காந்துடணும். மந்திரி எழுந்து பதில் சொல்வாரு.

நான் சொன்னேன். நாற்பத்து மூன்று. கணீர்னு சொன்னேன். மந்திரி எழுந்தாரு. "இல்லை" அப்படின்னாரு. உக்காந்தாரு.

அப்புறம் துணைக் கேள்வி. அங்கயும் ஒரு மரபு இருக்கு. எடுத்த உடனே விஷயத்துக்குப் போனா மரியாதை இல்ல. முதல்ல தலைவர வணங்கணும், தொகுதி மக்கள வணங்கணும். நான் நாலு வரி கவிதையாவே கட்டி வச்சிருந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணது. எங்காளுங்க மேசையைத் தட்டினாங்க பாருங்க, எனக்குக் காது சூடாயிடுச்சு. பேரவைத் தலைவர் மணியடிச்சாரு. "உறுப்பினர் கேள்விக்கு வரணும், கேள்விக்கு வரணும்." சபையில சிரிப்பு. நல்ல சிரிப்புதான், நம்ம மேல பிரியமான சிரிப்பு. நான் பேருந்து நிலையத்தக் கேட்டேன். மந்திரி சொன்ன வாக்கு மாறல. இந்த நிதியாண்டிலேயேன்னாரு. மறுபடியும் தட்டினாங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு நிமிஷம் அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல தம்பி.

கூட்ரோடு வருது. முன்னாடி இறங்கறவங்க இறங்கட்டும். நீங்க காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க. ஆள் உள்ள வரணும்ல.

ம். சரி. சொல்றேன்.

அந்த வாரமே பூங்காவனம் வந்துச்சு. நான் மாலையெல்லாம் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். அது வந்து ஓரமா நின்னு, கூட்டம் கலையற வரைக்கும் காத்திருந்துச்சு.

"பாத்தோங்கய்யா. டீக்கடையில எல்லாரும் பாத்தோம். வேட்டி நல்லா இருந்துச்சு."

"சந்தோஷம்மா."

"எங்க ஊர் பேருதான் வரல. நீங்க சொல்லும்போது நடுவுல கரண்டு கிரண்டு போயிடுச்சான்னு கடைக்காரரக் கேட்டேன். போகலம்மான்னாரு."

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். எத்தனை பேர் சொல்வாங்க அப்படி? எண் சொல்ற முறையச் சொன்னேன். நாற்பத்து மூணுன்னா அது உங்க வண்டிதாம்மான்னேன்.

"அப்ப அந்த நம்பர்தான் எங்க வண்டியா?"

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் அவர் இல்லைன்னாரா?"

"ஆமா. ஆனா நிலையம் வந்துட்டா வண்டி தன்னால வரும். அடுத்த கூட்டத்துல நானே மறுபடியும் கேக்கறேன்."

"சரிங்கய்யா. அதுவரைக்கும் நடக்கறேன்."

கோபமாச் சொல்லல. சத்தியமா கோபமாச் சொல்லல தம்பி. அதுதான் எனக்கு இன்னிக்கும் விளங்கல. கோபமா நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன், அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

அந்த வருஷம் மழை முந்திக்கிச்சு. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள ஏரி ரொம்பிடுச்சு. எங்க பக்கம் ஏரி கோடி போகுதுன்னு சொல்வோம். ரொம்பி வழியற தண்ணி ஏரிக்கரை ரோட்டு மேலயே ஓடி அந்தப் பக்கம் கால்வாய்ல விழும். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் கோடி போகுதுன்னு ஊரே கொண்டாடிச்சு. எம்.எல்.ஏ. வந்து பூஜை போடணும்னு கூப்பிட்டாங்க. போனேன். மத்தியானம். கார்ல. பம்பை, உடுக்கை, ஆடு வெட்டு எல்லாம் அமர்க்களம். தண்ணி முட்டிக்காலுக்குக் கீழதான் இருந்துச்சு. ஏரியாத்தாளுக்கு மஞ்சள், குங்குமம் தூவி, புதுச் சிவப்புச் சேலை ஒண்ண நான்தான் தண்ணியில விட்டேன். போட்டோ கூட இருக்கு.

அன்னிக்குச் சாயங்காலமே மேல மழை கொட்டிடுச்சு. முட்டிக்கால் தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. வண்டி போகும் அதுல, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஆள்தான் நடக்க முடியாது.

காலையில தேடினாங்க. நானும் ஓடினேன். கால்வாய் முள்ளுல சிவப்பா ஏதோ மாட்டியிருக்குன்னு ஒருத்தன் கத்தினான். எல்லாரும் விழுந்தடிச்சுப் போனோம். இழுத்துப் பாத்தா, நான் விட்ட சேலை. புதுசு, மடிப்புக் கூட முழுசாக் கலையல. அந்தம்மா அதுக்கும் கீழ, ஒரு பனை மரத்தடியில கிடைச்சுது. தூக்குக் கைப்பிடி மணிக்கட்டுலயே மாட்டியிருந்துச்சு.

எனக்கு அப்பருந்து சிவப்புச் சேலை பிடிக்கறதில்ல. எங்க வீட்டம்மா எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டிட்டா.

ஊர்க்காரங்க பொணத்த ரோட்டுல வச்சு உக்காந்துட்டாங்க. அதிகாரிங்க ஜீப்புல வந்து பேசினாங்க. மறுநாளே வண்டி வந்துச்சு. நஷ்டமாவது, ஒண்ணாவது! ஒரு கேள்வி கிடையாது, ஒரு பரிசீலனை கிடையாது. வந்துடுச்சு. ஆனா அதுக்கும் அடிப்படை என்ன? நான் போட்ட கேள்விதானே? அது ஏற்கனவே சபைப் பதிவுல இருந்ததாலதானே அதிகாரிங்க பயந்தாங்க? இதை யாரும் சொல்ல மாட்டாங்க. தேர்தல் வந்துச்சு. மேல்சாணூர் பூத்துல எனக்கு விழுந்த ஓட்ட விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒண்ணு எங்க ஏஜென்ட் போட்டது. அதுவும் சந்தேகம்தான்.

நான் ஏன் மெதுவாப் பேசறேன்னு கேக்கலையே நீங்க. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு பாருங்க. திரும்பிப் பாக்காதீங்கன்னு சொல்ல வந்தேன், அது நமக்கு முன்னாடிதான் இருக்கு, பரவால்ல. பச்சைத் துப்பட்டா, மடியில தூக்கு. அது அவங்க பொண்ணு. குமுதா. அம்மா வேலை செஞ்ச அதே விடுதியில, அதே அடுப்படியில இப்ப அதுதான். தெனமும் இதே வண்டி.

சாவு வீட்டுக்கு நான் மாலையோட போனேன் தம்பி. நிவாரணத்துக்கு நானே அலைஞ்சு ஏற்பாடு பண்ணேன். அந்தப் பொண்ணு தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் எழுந்து வந்துச்சு. அழல. "அம்மா சாயங்கால வண்டியக் கேக்கச் சொன்னாங்களே, கேட்டீங்களா?"

நான் என்ன சொல்ல? உண்மையத்தானே சொல்லணும்? "கேட்டேம்மா. வினா எண் நாற்பத்து மூணு"ன்னேன்.

அது என்னையே பாத்துச்சு. அப்புறம் உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அந்த ஊர் மண்ணுல கால் வைக்கல. இந்த வண்டியில போவேன், கடைசி நிறுத்தம் அதுதான், இதே சீட்டுல இருந்துட்டு இதே வண்டியில திரும்பிடுவேன். ஏன் போறீங்கன்னு நாகமுத்து ஒரு நாள் கேட்டாரு. வண்டி ஒழுங்கா ஓடுதான்னு பாக்கறேன்னு சொன்னேன். யாராச்சும் பாக்கணும்ல?

உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன. நீங்க டாக்டரு. மாட்டு டாக்டரா இருந்தா என்ன.

தோத்ததுக்கு அப்புறம் முதல் தடவ இந்த வண்டியில வந்தேன். மேல்சாணூருக்கு முந்தின நிறுத்தத்துல ஒரு கேதத்துக்கு, சாவு விசாரிக்கப் போகவேண்டியிருந்துச்சு. காரை வித்தாச்சு. கோடி கிட்ட வந்ததும் டிரைவர் வேகத்தக் குறைச்சு ஹாரன் அடிச்சாரு. அந்த இடத்துல எல்லா டிரைவரும் அடிப்பாங்க, அது நடந்ததுலருந்து. அப்பத்தான் கேட்டுச்சு. டிங், டிங். நான் சட்டசபை மணிதான் மண்டைக்குள்ள அடிக்குதுன்னு நினைச்சேன். பாத்தா பக்கத்துல ஈரம். சேலைத் தலைப்பு ஈரம் என் கைமேல படுது. அடுப்புப் புகை வாசனை. குரல் ரொம்ப மெதுவா. "ஐயா, கேட்டீங்களா?"

நாற்பத்து மூணுன்னேன்.

மறுபடியும், "கேட்டீங்களாய்யா?"

பயமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். சரி, இந்த வண்டி பக்கமே போக வேணாம்னு வீட்டுலயே இருந்து பாத்தேன். காலையில மனு வாங்கற நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கறாங்க. இப்ப எங்க வாசலுக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்ல தம்பி. அவங்க ஒருத்தங்கதான் வர்றாங்க. கையில மனு இல்லாம. அதைப் பாக்கறதுக்கு இந்த வண்டியே தேவலாம். முதல்ல நான்தான் ஜன்னலோரம் உக்காருவேன். அவங்க கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வருவாங்க. பகல் முழுக்க அடுப்படியில நின்ன பொம்பள. எனக்கு மனசு கேக்கல. அதனால சீட்டுப் போட்டு வைக்கறேன். என்னால முடிஞ்சது.

சித்த சும்மா இருங்க. கோடி வருது.

ஹாரன் கேட்டுச்சா? கேட்டுச்சுல்ல. அதுக்கப்புறம்? இப்ப, இப்பக் கேக்குது பாருங்க, டிங், டிங். உங்களுக்கும் கேக்குதா! பாத்தீங்களா, நாகமுத்து ஜன்னல் கம்பி ஆடுதுன்னு சொல்வாரு. என்ன? முன்னாடிருந்து வருதா? இல்ல தம்பி, முன்னாடி இல்ல. இங்க, இந்தப் பக்கம். கை வச்சுப் பாருங்க சீட்டுல, ஈரம். மழைச் சாரலா? எங்க மழை? சரி, ஜன்னல் திறந்திருக்கு, சாரல்னே வச்சுக்கங்க.

நாற்பத்து மூணும்மா. கேட்டேம்மா. ஆமா.

இதான் தம்பி. இப்படியேதான் ஊர் வர்ற வரைக்கும். எனக்கு என்ன தோணுதுன்னா, நான் சொல்லி இவங்க நம்பப் போறதில்ல. அந்தப் பொண்ணு வாயால ஒரு வார்த்தை, "ஆமாம்மா, ஐயா கேட்டாரு"ன்னு சொல்லிட்டா, அதோட இவங்க எறங்கி வீட்டுக்குப் போயிடுவாங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. தெனமும் நினைக்கறேன். அந்தப் பொண்ணு பின்வாசல் வழியாத்தான் எறங்கும், இதோ உங்க பக்கமாத்தான் போகும். தெனமும் எழுந்து நிக்கறேன். கையக் கூப்பறேன். வாயத் திறந்தா "மாண்புமிகு"ன்னுதான் வருது. ரெண்டு தடவ "நாற்பத்து மூணு"ன்னு வந்துடுச்சு. அது யாருக்கோ சொல்றேன்னு நினைச்சுப் போயிடுச்சு. சபையில அவ்வளவு பேர் முன்னாடி பேசினவன் தம்பி நான்.

நீங்க சொல்றீங்களா அந்தப் பொண்ணுகிட்ட? அதே ஊர்லதானே இருக்கப் போறீங்க. நடைமுறைய எடுத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னா எடுபடும். என்ன? நானே கேக்கணுமா? அதுவும் சரிதான். நீங்க பக்கத்துல இருக்கீங்க, இன்னிக்குக் கேட்டுடறேன். சாட்சிக்கு ஆள் இருக்கு.

ஊர் வந்துடுச்சு. விளக்கு தெரியுது பாருங்க. எழுந்துடுச்சு. வருது. கொஞ்சம் பிடிச்சுக்கங்க என்னை, எழுந்துக்கறேன்.

அம்மா. அம்மா குமுதா. ஒரு நிமிஷம். மாண்பு... அம்மா, வந்து. மேல்சாணூருக்கு... மேல்சாணூருக்குச் சாயங்கால வண்டி... ஒழுங்கா வருதாம்மா?

கேட்டுட்டேன். கேட்டீங்கல்ல தம்பி? ஊர் பேரச் சொன்னேன், வண்டின்னு சொன்னேன், எண்ணு கிண்ணு ஒண்ணும் சொல்லல. நீங்களே சாட்சி. "வருதுங்க"ன்னுச்சு. நின்னு, என் மூஞ்சியப் பாத்து, "வருதுங்க, இப்ப வருது"ன்னுட்டுப் போச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு. கோபமில்ல. அவங்கம்மா மாதிரியேதான், கோபமே இல்ல.

நீங்களும் எறங்குங்க. பையை மறந்துடாதீங்க. ஆஸ்பத்திரி அந்தப் புளியமரம் தாண்டி. நான் எறங்கல, நீங்க போங்க.

அம்மா, ஊர் வந்துடுச்சு. கேட்டுட்டேன், உங்க பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன், பதிலும் வந்துடுச்சு. எழுந்திருங்க. எழுந்திருங்கம்மா, பொண்ணு முன்னாடி நடந்து போகுது பாருங்க, இருட்டுல தனியாப் போகுது.

நாகமுத்து, விசிலடிக்காதீங்க. இருங்க. இன்னும் ஒருத்தங்க எறங்கணும்.